நானூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ஆயில் மாற்றியது

1

எங்கள் டிரக்குக்கு எட்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை என்ஜின் ஆயில் மாற்ற வேண்டும் என்று அதன் கையேட்டில் போட்டிருக்கிறது. பத்து வருடமாக நான் அதை மீறியதில்லை. இந்த ஜூன் மாதம் மட்டும், மாற்றிய மூன்றாவது வாரத்தில், நானூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடியிருந்தபோது மறுபடியும் மாற்றினேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, தட்டில் வழிந்த ஆயில் இன்னும் கறுக்காமல் தேன் நிறத்தில் இருப்பதைக் கண்டு, உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று விசாரித்தார். அவருக்குச் சொல்ல முடியாத காரணத்தை உங்களுக்கு எழுதுகிறேன். ஊர்க்காரர்களுக்கு மட்டும்தான் அது புரியும்.

இதில் வருகிறவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். கோலார் தங்கச் சுரங்க ஊரான எங்கள் ஆண்டர்சன்பேட்டையில் எல்லோருக்கும் யார் என்று தெரியும் என்பது வேறு விஷயம்.

முதலில் ஒரு விளக்கம். கனடாவில் இந்தப் பகுதியில் வீட்டு வாசலில் டிரக்குக்கு அடியில் ஒருவர் படுத்திருந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பல் டாக்டர் படுத்திருப்பார், பள்ளி ஆசிரியை படுத்திருப்பார். கடையில் கொடுத்தால் இருபது நிமிட வேலை. நான் செய்தால் இரண்டரை மணி நேரம். கடையைவிட நன்றாகச் செய்கிறேன் என்று சொல்லிக்கொள்வேன். உண்மை என்னவென்றால், அந்த இரண்டரை மணி நேரம் யாரும் என்னை எதற்கும் கூப்பிடுவதில்லை.

2

மே மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, வழக்கப்படி மாற்றிக்கொண்டிருந்தேன். பழைய ஃபில்டரைக் கழற்றிப் புதியதைக் கையில் எடுத்திருந்தேன். அப்போது ஊரிலிருந்து அக்காவின் வாராந்திர வீடியோ அழைப்பு வந்தது. என் மகள் மதி அதை எடுத்து, அப்பா எங்கே என்று அக்கா கேட்டதும், போனோடு வாசலுக்கு வந்து குனிந்து டிரக்குக்கு அடியில் நீட்டினாள். மதிக்குப் பதினேழு வயது. கேட்ட கேள்விக்கு நேரான பதில் சொல்லும் பழக்கம் அவளுக்கு இங்கே வந்தது.

அக்காவுக்கு முதலில் என் கால்கள் தெரிந்தன. பிறகு கன்னத்தில் ஆயில் வடிந்த என் முகம்.

"இன்னாடா இது கோலம்?"

"ஆயில் மாத்திக்கினு கீறேன் அக்கா. அப்புறம் கூப்பிடறேன்."

"யார் வண்டிக்கு?"

"நம்ம வண்டிதான்."

"நம்ம வண்டின்னா நீ ஏன்டா கீழ படுத்துனு கீற? அந்த ஊர்ல மெக்கானிக்கே இல்லியா?"

நான் ஏதோ சொல்லி மழுப்பி அழைப்பை முடித்து, ஃபில்டரைப் பொருத்தி, வேலையை முடித்தேன். மதி அன்றைக்கே, வேடிக்கைக்காக, அந்தத் திரையைப் படமாக எடுத்துக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டாள். அதில் எங்கள் உறவினர் நாற்பத்தாறு பேர். ஊரில் மிச்சமிருப்பவர்களில் பாதிப் பேர் காலையில் பெங்களூர் ரயில் ஏறுகிறவர்கள். இரண்டு மணி நேரப் பயணத்தில் அவர்களுக்கு வேறு வேலை கிடையாது.

திங்கட்கிழமை அக்கா மறுபடி கூப்பிட்டாள். வாராந்திர அழைப்பு இல்லை. குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"தம்பி, உண்மையச் சொல்லு. வேலை போயிடுச்சா?"

3

இங்கே நான் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

தங்கச் சுரங்கத்தை மூடியபோது நாங்கள் சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றான ஸ்கெலட்டன் லைனில் இருந்தோம். எதிர் வரிசையில் ஒருவர், வேலை போன பிறகும் நான்கைந்து மாதம், ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் நேரத்துக்குச் சரியாக டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்புவார். ஷிஃப்ட் முடியும் நேரத்துக்குத் திரும்புவார். இடைப்பட்ட நேரம் ரயில் நிலையத்தின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். லைனில் எல்லோருக்கும் தெரியும். அவர் மனைவிக்கும் தெரியும். தினமும் கேரியரைக் கட்டிக் கொடுத்தாள். அவரைப் போல இன்னும் நிறையப் பேர் இருந்தார்கள். ஆகவே எங்கள் ஊரில் ஒருவன் "வேலை இருக்கிறது, எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் அவன் கையைப் பார்ப்பார்கள்.

அந்தப் படத்தில் என் கையில் ஆயில் இருந்தது.

"வேலை போகல அக்கா. இது பொழுதுபோக்கு."

"பொழுதுபோக்குக்கு எவன்டா வண்டிக்கு அடியில போவான்? அப்பா முப்பது வருசம் அண்டர்கிரவுண்டு போனது போதும்னுதான் உன்னப் படிக்க வெச்சோம். நீ பிளேன் ஏறிப் போயி லாரிக்கு அண்டர்கிரவுண்டு போற."

 

அக்கா பயந்ததற்குக் காரணம் இருந்தது. அவள் மகள் சுகன்யாவுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தான் காலமாகி ஆறு வருடமாகிறது. பெண் வீட்டுப் பக்கம் காட்டிக்கொள்வதற்கு இருந்த ஒரே ஆண்பிள்ளை, வெளிநாட்டில் இன்ஜினியராக இருக்கும் தாய்மாமன். அதாவது நான்.

"தாய்மாமன் என்பது ஒரு பதவியா அப்பா?" என்று மதி ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஆமாம். ராஜினாமா செய்ய முடியாத பதவி."

மாப்பிள்ளை வீட்டார் கனரகத் தொழிற்சாலைக் குடியிருப்புக்காரர்கள். பையன் பெயர் கார்த்திக். அப்பா சிதம்பரம், தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். சுரங்க லைன்காரர்களுக்கும் தொழிற்சாலை குவார்ட்டர்ஸ்காரர்களுக்கும் உள்ள தூரம் நான்கு கிலோமீட்டர்தான். அதைக் கடக்க எங்கள் ஊரில் ஒரு தலைமுறை ஆகிறது.

அன்று மாலை சுகன்யா தனியாகக் கூப்பிட்டாள். ரயிலிலிருந்து பேசினாள். சக்கரச் சத்தம் கேட்டது.

"மாமா, உங்களாண்ட ஒண்ணு சொல்லணும். அம்மாக்குத் தெரியாது. கார்த்திக்க எனக்கு ரெண்டு வருசமா தெரியும். இதே ட்ரெயின்தான். நாங்கதான் புரோக்கரம்மாவுக்கு ரெண்டு ஜாதகத்தையும் போய்ச் சேர வெச்சோம். அவங்களா கண்டுபிடிச்ச மாதிரி சந்தோசமா இருக்காங்க."

"அப்புறம் என்னம்மா பிரச்சினை?"

"உங்க போட்டோ அவர் பெரியம்மாகிட்ட போயிடுச்சு. ட்ரெயின்ல மூணாவது பொட்டில யாரோ காட்டிட்டாங்க. இப்ப யோசிக்கணும்னு சொல்றாங்க. மாமா, எனக்கு வேற எடம் வேணாம். நீங்க ஏதாவது பண்ணுங்க."

ஒரு எஸ்டேட்டை விற்றுத் தா என்று கேட்டிருந்தால்கூட எளிது. அப்படி ஒன்று என்னிடம் இல்லை, முடியாது என்று சொல்லியிருப்பேன். இவள் கேட்டதோ, நான் மெக்கானிக் இல்லை என்று நிரூபிப்பது.

4

கார்த்திக்கின் பெரியம்மா, அதாவது சிதம்பரத்தின் அண்ணி, போட்ட முதல் நிபந்தனை: கம்பெனியிலிருந்து ஒரு கடிதம். கோலார் கோர்ட் வாசலில் தனக்குத் தெரிந்த நோட்டரி இருக்கிறார், அவரிடம் காட்டி உண்மையா என்று பார்த்துக்கொள்வேன் என்றும் சொல்லியனுப்பினார். கனடா கம்பெனியின் கடிதத்தைக் கோலார் நோட்டரி எப்படிப் பார்த்துச் சொல்வார் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் அலுவலகத்தில் வேலைச் சான்றிதழ் வாங்க ஒரு இணையப் படிவம் உண்டு. காரணம் என்ற இடத்தில் நான்கு தேர்வுகள்: வீட்டுக் கடன், வாடகை, விசா, இதர. இதரவைத் தேர்ந்தெடுத்து "குடும்பத் திருமணம்" என்று எழுதினேன். மறுநாள் மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"திருமண வாழ்த்துகள். பெயர் மாற்றம் ஏதாவது உண்டா?"

"கல்யாணம் எனக்கில்லை. என் அக்கா மகளுக்கு."

"அவர் நம் நிறுவனத்தில் வேலை பார்க்கிறாரா?"

"இல்லை."

"அவர் கணவர் ஆகப்போகிறவர்?"

"இல்லை."

"அப்படியானால் உங்கள் வேலைக்கும் அந்தத் திருமணத்துக்கும் என்ன தொடர்பு?"

"பதினெட்டு நாளாக நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றேன். உண்மையில் ஆறு நாள்தான் ஆகியிருந்தது. டைரியில் சரிபார்த்து அடுத்த நாள் மின்னஞ்சலில் திருத்தம் அனுப்பினேன்.

கடிதம் வந்தது. நல்ல தாள், முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தன. பதினோரு வருடமாக நான் அங்கே நிரந்தரப் பணியில் இருப்பதாகவும், மெயின்டனன்ஸ் பிளானர் என்ற பொறுப்பு வகிப்பதாகவும் சொன்னது. எந்த இயந்திரத்தை எப்போது நிறுத்திப் பழுது பார்ப்பது என்று கம்ப்யூட்டரில் திட்டமிடும் வேலை அது. நாற்காலியை விட்டு எழுந்திருக்கத் தேவையில்லை.

அக்கா அதைத் தெருமுனைக் கடையில் பிரதி எடுத்து அனுப்பினாள். இரண்டு நாளில் பதில் வந்தது.

"மெயின்டனன்ஸ்னு அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்களாம்டா" என்றாள் அக்கா. "மெக்கானிக்குதான், கொஞ்சம் மரியாதையா எழுதிக்கீறாங்கன்னு பெரியம்மா சொல்றாங்களாம். இதுக்கு நீ லெட்டரே குடுக்காம இருந்திருக்கலாம்."

என் மனைவி உமா அடுக்களையில் சிரித்தாள். ஆயில் மாற்றும் இரண்டரை மணி நேரத்தைப் பற்றி அவளுக்கு நெடுநாளாக ஒரு கருத்து உண்டு.

5

பிறகு சிதம்பரமே கூப்பிட்டார். ஞாயிறு காலை. வெள்ளைச் சட்டை, பையில் பேனா, ஓய்வு பெற்ற பிறகும். நலம் விசாரித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"சார், நீங்க மெக்கானிக்கா, இன்ஜினியரா, அது எனக்கு முக்கியமில்ல. நான் முப்பத்திரண்டு வருஷம் மெக்கானிக்குங்களோடதான் இருந்தேன். அண்ணிதான் அதைப் பெருசு பண்றாங்க. என் சந்தேகம் வேற."

"சொல்லுங்க சார்."

"அந்த போட்டோவை நான் பெருசு பண்ணிப் பார்த்தேன். வண்டி ஜாக் மேல நிக்குது. கீழ முட்டுக் குடுக்கிற ஸ்டாண்டு இல்ல. ஜாக்கை மட்டும் நம்பி அடியில படுக்கிற ஆளு வீட்ல எப்படி சார் பொண்ணு எடுக்கிறது? நாளைக்கு அந்தப் பொண்ணு கேஸை மூடாம வெளிய போகும்."

மெக்கானிக் என்று நாற்பத்தாறு பேர் சொன்னபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இது சுருக்கென்று தைத்தது. நான் அலமாரியில் ஸ்பேனர்களை அளவு வரிசையில் வைத்து, ஒவ்வொன்றின் நிழலையும் பலகையில் வரைந்திருப்பவன்.

"ஸ்டாண்டு ரெண்டு இருந்துச்சு சார். சக்கரம் மறைச்சிருக்கு."

"இருக்கலாம். போட்டோல இல்ல. பார்க்காம நான் எதையும் பாஸ் பண்றதில்ல."

"அப்ப பாருங்க. வர சனிக்கிழமை காலைல எங்க அக்கா வீட்டுக்கு எல்லாரும் வாங்க. ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் மாத்திக் காட்டறேன்."

சொன்ன பிறகுதான் ஆயில் மாற்றி மூன்று வாரம்கூட ஆகவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

6

ஊரில் சனிக்கிழமை காலை ஏழு மணி, இங்கே வெள்ளிக்கிழமை மாலை ஏழரை. ஜூனில் எங்களுக்கு ஒன்பதரை மணிக்கும் வெயில் இருக்கும். மதி ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டாள். அதன் மறுமுனையில் அக்கா வீட்டுக் கூடம்: பாயில் சிதம்பரம், அவர் மனைவி, பெரியம்மா. சுவரோரம் கார்த்திக். சுகன்யா சமையலறை வாசலில், அவனை முன்பின் பார்த்திராதவள் போல நின்றாள். அந்த நடிப்பு மிகவும் நன்றாக இருந்தது. அக்கா எல்லோருக்கும் காபி கொடுத்துவிட்டு, தன் போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அதைப் பார்க்கப் பிடிக்காமல் தள்ளி உட்கார்ந்தாள்.

என்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினேன். சக்கரங்களுக்கு அடைப்புக் கட்டை வைத்தேன். ஜாக்கால் தூக்கி, இரண்டு ஸ்டாண்டுகளையும் வைத்து, வண்டியைத் தோளால் ஆட்டிக் காட்டினேன். சிதம்பரம் தலையாட்டினார்.

அடியில் போவதற்கு முன் ஸ்பேனரால் சேஸிஸை மூன்று முறை தட்டினேன்.

"அது எதுக்கு சார் தட்டறீங்க?"

நான் தட்டியதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பத்து வருடமாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறது.

"எங்கப்பா அண்டர்கிரவுண்டுல டிம்பர்மேன் சார், பாறைக்கு மரமுட்டு வெக்கிறவரு. கம்பியால மேல தட்டிப் பார்த்து, சத்தம் கேட்டுட்டுத்தான் உள்ள போவாரு. பாறை லூசா இருந்தா சத்தம் மாறும்."

"இரும்பைத் தட்டினா என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது சார். தட்டாம உள்ள போக வரல."

தள்ளி உட்கார்ந்திருந்த அக்கா திரும்பிப் பார்த்தாள். "சரி, போங்க" என்றார் சிதம்பரம்.

அடியில் போய், ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக்கைத் திறந்தேன். தேன் நிற ஆயில் இறங்கியது. "நல்ல ஆயிலு, பாவம்" என்று பெரியம்மா சொன்னது கேட்டது. அவருக்கும் விஷயம் பிடிபட ஆரம்பித்திருந்தது. ஃபில்டரைக் கழற்றினேன், புதியதை எடுத்தேன், அதன் ரப்பர் வளையத்தில் விரலால் ஆயில் தடவினேன், பொருத்தக் கையைத் தூக்கினேன்.

"நிறுத்துங்க" என்றார் சிதம்பரம். "பழைய ஃபில்டரைக் காட்டுங்க. வாய்ப்பக்கம். இன்னும் கிட்ட. அதோட ரப்பர் எங்க?"

பார்த்தேன். இல்லை. மேலே பார்த்தால், என்ஜினில் ஒட்டிக்கொண்டிருந்தது, கறுப்பாக, வட்டமாக.

இதை அறியாதவர்களுக்கு: பழைய வளையத்தின் மேல் புதிய வளையத்தை வைத்து முடுக்கினால் வெளியிலிருந்து எல்லாம் சரியாகத்தான் தெரியும். என்ஜினை ஸ்டார்ட் செய்த சில நிமிடத்தில் ஐந்தரை லிட்டர் ஆயிலும் தெருவுக்கு வந்துவிடும். கவனிக்காமல் ஓட்டினால் என்ஜின் காலி. பத்து வருடத்தில் நான் கழற்றிய ஃபில்டர்கள் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்திருக்கிறேன். அன்று, பார்க்க ஆள் இருந்ததால், பார்க்கவில்லை.

"மூணு வாரத்துல ரப்பர் ஒட்டாதே சார்" என்றார் அவர். குரலில் கோபமில்லை, ருசி இருந்தது. "போன தடவை ஆயில் தடவாம மாட்டியிருக்கீங்க."

யோசித்தேன். போன தடவை புது ஃபில்டரைக் கையில் எடுத்தபோதுதான் அக்காவின் அழைப்பு வந்தது.

"ஆமா சார். தடவல. என் தப்பு."

அக்கா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டது ஓரத்தில் தெரிந்தது. சுகன்யா நடிப்பை விட்டுவிட்டு கார்த்திக்கைப் பார்த்தாள். அவன் தன் அப்பாவைப் பார்த்தான். நான் பழைய வளையத்தை நகத்தால் உரித்தெடுத்தேன், துணியால் துடைத்தேன், இரண்டு வளையங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து கேமராவுக்குக் காட்டினேன். புதிய ஃபில்டரைப் பொருத்தினேன். பிளக்கை மூடினேன், ஆயில் ஊற்றினேன், ஸ்டார்ட் செய்தேன். மதி கேட்காமலே போனை அடியில் கொண்டுபோய்ச் சுற்றிக் காட்டினாள். ஒரு சொட்டு இல்லை. நிறுத்தி, சற்று விட்டு, அளவுக்கம்பியை உருவி நீட்டினேன். இரண்டு கோடுகளுக்கும் நடுவில் சரியாக நின்றது.

சிதம்பரம் பையிலிருந்து பேனாவை எடுத்தார். எழுத ஒன்றுமில்லை என்பது நினைவுக்கு வந்து மறுபடி வைத்தார்.

"முதல் தடவை ரிஜெக்ட்" என்றார். "ரீவொர்க் பண்ணின பிறகு பாஸ். எங்க ஷாப்ல முதல் தடவையே பாஸ் ஆகிறவனை நாங்க நம்பறதில்ல. அண்ணி, நீங்க என்ன சொல்றீங்க?"

பெரியம்மா இரண்டு மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர். "இவ்ளோ வேலை தெரிஞ்ச ஆளு எதுக்குங்க அங்க கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துனு கீறாரு?" என்றார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒன்பதுக்கு ராகுகாலம். மாத்தறதுன்னா இப்பவே தட்ட மாத்துங்க. இன்னும் ஆறு நிமிசம்தான் கீது."

அக்கா எழுந்து உள்ளே ஓடினாள். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், தேங்காய் எல்லாம் அடுக்கிய தட்டு ஒன்று உடனே வந்தது. இந்த இடம் முடியாது என்று வாரம் முழுவதும் என்னிடம் புலம்பியவள் அதை எப்போது அடுக்கினாள் என்று தெரியவில்லை.

"தாய்மாமன் தட்டைத் தொடணும்" என்றார் சிதம்பரத்தின் மனைவி. அந்தக் கூடத்தில் அவர் பேசிய முதல் வாக்கியம் அது.

"கை கழுவிட்டு வந்துடறேன்" என்றேன். இரண்டு கையும் முழங்கை வரை கறுப்பு. அந்தக் கறை போக எனக்குக் கணக்காக எட்டு நிமிடம் ஆகும்: முதலில் சர்க்கரையும் எண்ணெயும், பிறகு சோப்பு, பிறகு பிரஷ்.

"நேரமில்ல சம்பந்தி" என்றார் சிதம்பரம். "அப்படியே நீட்டுங்க."

மதி போனை என் மார்புக்கு நேராகப் பிடித்தாள். அங்கே அக்கா தட்டைத் தூக்கிக்கொண்டு தன் போனின் முன்னால் வந்து நின்றாள். மாப்பிள்ளை வீட்டார் எழுந்து அவளுக்குப் பின்னால் கூடினார்கள். நான் இரண்டு கைகளையும் நீட்டினேன், அவர்கள் பார்க்காத அளவுக்குக் கொஞ்சம் தாழ்வாக.

"இன்னும் மேல தூக்குடா" என்றாள் அக்கா. "கை தெரியல."